மாத்திரையும் மன்றமும்: கேள்வி-பதில்

கே: மருந்து என்றால் பக்க விளைவு இருக்கத்தானே செய்யும்? அதற்கெல்லாம் வழக்குப் போடுவதா?

ப: பக்க விளைவுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். கம்பெனிக்குத் தெரிந்தும் நமக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், அவசியம் போக வேண்டும்.

கே: அப்படி மாட்டிக்கொண்ட ஒரு பெரிய கை?

ப: அமெரிக்காவின் மெர்க். 1999-இல் 'வையாக்ஸ்' என்ற மூட்டுவலி மாத்திரையைக் கொண்டுவந்தது. வயிற்றைப் புண்ணாக்காது என்பது அதன் பெருமை. மறு வருடமே எட்டாயிரம் பேரிடம் செய்த ஆய்வில் ஒரு பூதம் கிளம்பியது. நாப்ராக்சென் என்ற பழைய மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வையாக்ஸ்காரர்களுக்குப் பல மடங்கு அதிக மாரடைப்பு!

கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? "எங்கள் மாத்திரை இதயத்தைக் கெடுக்கவில்லை, நாப்ராக்சென்தான் இதயத்தைக் காப்பாற்றுகிறது." அதாவது, என் பையன் ஃபெயிலாகவில்லை, பக்கத்து வீட்டுப் பையன் அதிக மார்க் வாங்கிவிட்டான்! இதய ஆபத்து பற்றிய எச்சரிக்கை மருந்தின் விவரத்தாளில் ஏறியது 2002-இல். 2003-இல் விற்பனை 250 கோடி டாலர். 2004 செப்டம்பர் 30 அன்றுதான் மாத்திரை கடையை விட்டு இறங்கியது.

கே: எத்தனை பேருக்கு ஆபத்து வந்தது?

ப: அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சொந்த விஞ்ஞானி டேவிட் கிரஹாம், அந்த நவம்பரில் செனட் முன்னால் தம் கணக்கை வைத்தார்: 88,000 முதல் 1,39,000 பேர் வரை. தம் துறைக்கு எதிராகவே சாட்சி சொன்ன அந்த மனிதருக்கு ஒரு சல்யூட்.

கே: ஜூரி கோடி கோடியாகக் கொடுத்ததாமே?

ப: கொடுத்தது. 2005 ஆகஸ்டில் டெக்சாஸின் ஆங்கில்டன் ஊரில் முதல் தீர்ப்பு. கணவரை இழந்த பெண்ணுக்கு 25 கோடி டாலருக்கு மேல். மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பு அதைச் சுமார் 2.6 கோடியாக வெட்டியது. 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. மருந்தால் ரத்தம் உறைந்துதான் அவர் இறந்தார் என்பதற்கு ஆதாரம் போதாதாம். கண்ணீருக்கு ஜூரி இரங்கும். மேல் கோர்ட் காகிதம் கேட்கும்.

கே: அப்படியானால் மெர்க் தப்பித்துவிட்டதா?

ப: ஒவ்வொரு வழக்காக நடத்திப் பல வழக்குகளில் ஜெயித்தது. ஆனால் வாசலில் நின்றவை ஏறக்குறைய 27,000 வழக்குகள். 2007 நவம்பரில், தப்பை ஒப்புக்கொள்ளாமலே, 485 கோடி டாலருக்குச் சமரசம். அதில் வக்கீல்கள் நூற்றுக்கு 32-க்கு மேல் எடுக்கக் கூடாது என்று நீதிபதி ஃபாலன் கடிவாளம் போட்டார். நல்ல நீதிபதி!

கே: அரசாங்கமே அனுமதித்த மருந்து. பிறகு கம்பெனியை எப்படிக் குற்றம் சொல்வது?

ப: இதையேதான் 'வயத்' கம்பெனியும் கேட்டது. டயானா லெவின் ஓர் இசைக் கலைஞர். ஒற்றைத் தலைவலியோடு வந்த குமட்டலுக்கு ஊசி போட்டார்கள். மருந்து தவறாகத் தமனிக்குள் இறங்கிக் கை அழுகியது. கித்தார் வாசித்த வலது கையை வெட்டி எடுத்தார்கள். 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று சொன்னது: லேபிளுக்கு அரசு ஒப்புதல் தந்திருந்தாலும் எச்சரிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. முத்திரை குத்தியவர் வேறு, சரக்கு விற்றவர் வேறு.

கே: ஜெனரிக் மருந்துக்கும் இது பொருந்துமா?

ப: அங்கே பொருந்தாது. லேபிளை மாற்ற ஜெனரிக்காரருக்கு அதிகாரமில்லை என்று 2011-இல் அதே கோர்ட் சொல்லிவிட்டது. ஒரே மருந்து, ஒரே பாதிப்பு. வாங்கிய டப்பாவைப் பொறுத்து நியாயம். இந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கே: மருந்து வரலாற்றில் உங்கள் ஹீரோ யார்?

ப: ஹீரோயின். ஃபிரான்சஸ் கெல்சி. 1960-இல் தாலிடோமைடு மாத்திரைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தபோது, 'ஆதாரம் போதாது' என்று திருப்பித் திருப்பி அனுப்பிய அமெரிக்க அதிகாரி. மேற்கு ஜெர்மனியில் 1957-இலிருந்து அதைத் தாராளமாக விற்றார்கள். கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். கைகால் வளராமல் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேல். தயாரித்த குருனந்தால் கம்பெனி மன்னிப்புக் கேட்டது எப்போது? 2012-இல்! மருந்தைத் திரும்பப் பெற்று அரை நூற்றாண்டு கழித்து.

கே: நம் நாட்டில் வழி உண்டா?

ப: உண்டு. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே இருக்கிறது. எச்சரிக்கை போதவில்லை என்றாலும் தயாரிப்பாளரிடம் நஷ்டஈடு கேட்கலாம். கெடு இரண்டு வருடம். ஒரு சந்தும் இருக்கிறது: டாக்டர் எழுதித் தரும் மருந்தானால், டாக்டரைச் சரியாக எச்சரித்திருந்தாலே கம்பெனி தப்பலாம். ஆகவே சீட்டை வாங்கும்போதே கேளுங்கள்: "டாக்டர், இதற்கு என்ன பக்க விளைவு?" கோபித்துக்கொண்டால் டாக்டரை மாற்றுங்கள்.

கே: என்னென்ன சாட்சியம் வேண்டும்?

ப: மருந்துச் சீட்டு, பில், ஆஸ்பத்திரி ரெக்கார்டு, மாத்திரை அட்டை. நாலு மாத்திரை போதும் என்று கத்தரித்து வாங்குகிறீர்களே, பேட்ச் எண் கடைக்காரரிடமே நின்றுவிடும். பில்லில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கே: மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு. கோர்ட்டுக்கு அலைய எனக்குத் தெம்பில்லை. என்ன செய்ய?

ப: முதலில் இன்றே டாக்டரைப் பாருங்கள். அப்புறம் 1800-180-3024-க்கு ஒரு போன். மருந்தின் பாதகங்களைப் பதிவு செய்ய மத்திய அரசு வைத்திருக்கும் இலவச எண் அது. டாக்டர்தான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களே பேசலாம். தயவுசெய்து பேசுங்கள், அடுத்தவருக்கு எழுதப்படும் எச்சரிக்கை உங்கள் புகாரிலிருந்துதான் வர வேண்டும்.