பயமும் சோப்பும்

2020 மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று பிரகடனம் செய்தபின், அதற்கு முந்திய கோடையில் ஏரிகள் வறண்டு குடமும் கையுமாக லாரிக்குக் காத்துக் கிடந்த அதே சென்னை ஜனங்கள், பால் பாக்கெட்டுக்கும் கத்தரிக்காய்க்கும்கூடச் சோப்பு நுரையில் ஸ்நானம் செய்வித்த பிறகே கிருகப்பிரவேசத்துக்கு அனுமதித்தார்கள். மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவிய செய்தி வந்ததும் இந்தப் பக்தி உச்சத்தை எட்டியது: வாசலுக்கு வேப்பிலை, முற்றத்துக்கு மஞ்சள் நீர், கைக்கு 20 விநாடி.

ஆனால் பயம் ஒரு விசித்திரமான கணக்கப்பிள்ளை. கூரியர்காரரைக் கண்டு ஆறடி விலகி நின்ற மனிதர், கல்யாண வீட்டில் சித்தப்பாவைக் கண்டதும் கட்டித் தழுவிக்கொண்டார். பந்துக்களின் மூச்சில் கிருமி வாசம் செய்யாது என்பது அவருடைய சித்தாந்தம். செப்டம்பரில், முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று சர்க்கார் சட்டம் செய்த பின்னரோ, தாடையில் தொங்கிய துணி போலீஸாரைக் கண்ட க்ஷணத்தில் மூக்குக்கு ஏறி, அவர்கள் முதுகைத் திருப்பியதும் ஸ்வஸ்தானத்துக்கு இறங்கிற்று. 2021இல் நோய் முன்னிலும் உக்கிரமாகத் திரும்பி வந்த பிறகுதான் அது மறுபடி மேலே ஏறியது.

காற்றில் பரவும் வியாதிக்காகக் கத்தரிக்காயைக் குளிப்பாட்டியவர்களில் அநேகர், வீட்டு ஜன்னலைக் கடைசிவரை திறக்கவேயில்லை.