தாயா, தத்துவமா?

கேள்வி: எல்லோரையும் சமமாக நடத்துவதே அறம் என்றால், பெற்ற தாய்க்கு முதலிடம் தருவது தவறா?

பதில்: இல்லவே இல்லை. இதில் கறாராகப் பேசியவரே பின்னால் இளகினார். தீப்பிடித்த மாளிகையில் பேராயர் ஃபெனலோனும் ஒரு பணிப்பெண்ணும் சிக்கியிருக்க, ஒருவரைத்தான் மீட்க முடியும் என்றால் யாரை மீட்பது? 1793-இல் இப்படிக் கேட்ட ஆங்கிலச் சிந்தனையாளர் வில்லியம் காட்வின், உலகுக்கு அதிகம் பயன்படும் பேராயரைத்தான் என்றார். பணிப்பெண் நம் தாயாகவே இருந்தாலும் அதே விடைதான். 1797-இல் மேரி உல்ஸ்டன்கிராஃப்டை மணந்தார். அதே ஆண்டில், மகள் பிறந்த சில நாட்களில் மனைவியைப் பறிகொடுத்தார். 1799-இல் வந்த 'செயின்ட் லியோன்' நாவலின் முன்னுரையில், குடும்பப் பாசமும் ஆழ்ந்த நீதியுணர்வும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்று எழுதினார். நீரில் தத்தளிக்கும் மனைவியைக் காப்பாற்றும் முன் 'இதற்கு அறம் இடம் தருகிறதா' என்று கணவன் யோசித்தால், அந்த யோசனையே அதிகப்படி என்றார் பிற்காலத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ். எல்லோருக்கும் சரிசமமாக அளந்து கொடுத்தால் அதற்குப் பெயர் பாசமா, பட்டுவாடா!

'என் பிள்ளை' என்பதில்தானே சிபாரிசும் வாரிசு நியமனமும் தொடங்குகின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே குற்றம், ஊர்ப் பொருளை எடுத்து வீட்டுப் பாசத்துக்குச் செலவிடுவது. இரவெல்லாம் கண்விழித்து மகனைப் படிக்கவைக்க ஆசிரியையான தாய்க்கு உரிமை உண்டு. அவன் விடைத்தாளில் ஒரு மதிப்பெண்கூடக் கூட்டிப்போட உரிமை இல்லை. உங்கள் நேரத்தையும் பணத்தையும் உறவுக்குத் தாராளமாகக் கொடுங்கள். பொதுப் பொறுப்பில் இருக்கும்போது தாயும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.