வீட்டைக் கட்டி இழுத்துப் பார்

வீட்டை விட்டு நாலு நாள் எங்கேயாவது ஓடிப்போக வேண்டும் என்று மனிதனுக்குத் தோன்றுவது நியாயம். ஓடும்போது வீட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு ஓடலாமே என்று 1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டருக்குத் தோன்றியது. பிரிட்டிஷ் கடற்படையில் வைத்தியம் பார்த்தவர், பிறகு பையன்களுக்குச் சாகசக் கதை எழுதிப் பிழைத்தவர். பிரிஸ்டலில் ஒரு வேகன் கம்பெனியிடம் மஹோகனி மரத்தில் 18 அடி நீள வண்டி ஒன்று செய்துவாங்கி, அதற்கு ‘வாண்டரர்’ என்று பெயரும் வைத்து, நாடோடி வாழ்க்கை வாழப்போவதாகக் கிளம்பிவிட்டார்.

அவருடைய நாடோடித்தனத்துக்குத் துணை ஒரு வண்டிக்காரர், ஒரு பணியாள், ஒரு பெரிய நாய், ஒரு காக்கட்டூ பறவை. பணியாளுக்கு முக்கியமான வேலை, மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய் “பின்னால் ஒரு வீடு வருகிறது, ஒதுங்குங்கள்” என்று எதிரே வருபவர்களை எச்சரிப்பது. வீட்டின் எடை கிட்டத்தட்ட 2 டன். அதை இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை இழுத்தவை இரண்டே குதிரைகள். பயணத்தைப் பற்றி டாக்டர் புத்தகம் எழுதினார். குதிரைகள் எழுதவில்லை. எழுதியிருந்தால் வீட்டை இழுத்துச் செல்லும் இந்தத் துறையின் முதல் நேர்மையான ஆவணம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஏனென்றால் அன்று தொடங்கி இன்றுவரை இந்த வரலாற்றில் ஒரே தகராறுதான். விற்பவன் வண்டியின் எடையைச் சொல்வான், ஏறுபவர்களின் எடையைச் சொல்லமாட்டான்.

குதிரை போய் மோட்டார் வந்தது. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து ஆர்தர் ஷெர்மன், கிருமிகளை ஆராய்ந்தவர், மருந்துக் கம்பெனி முதலாளி. 1929இல், ஐந்து நிமிடத்தில் விரிந்து நிற்கும் என்ற விளம்பரத்தை நம்பிக் கூடார டிரெய்லர் ஒன்றை வாங்கிக் குடும்பத்தோடு போனார். மழை வந்தது. விளம்பரத்தின் ஐந்து நிமிடத்துக்குள் மழை அடங்கவில்லை. நனைந்துபோன ஷெர்மன், இனிமேல் விரிக்கிற சமாசாரமே வேண்டாம் என்று 6 அடி அகலம், 9 அடி நீளத்தில் ஒரு பெட்டியைச் செய்து சக்கரத்தின் மேல் வைத்தார். பிள்ளைகள் கேலியாக ‘கூண்டு வண்டி’ என்றார்கள். அப்பா அந்தக் கேலியையே, பிறகு தொடங்கிய டிரெய்லர் கம்பெனிக்குப் பெயராக வைத்துவிட்டார். 1936இல் அமெரிக்காவின் மிகப்பெரிய டிரெய்லர் கம்பெனி அதுதான்.

அந்த வருஷம் நாட்டுக்கே டிரெய்லர் ஜுரம். ரோஜர் பாப்ஸன் என்ற பொருளாதார ஜோசியர், இன்னும் இருபது வருஷத்தில் அமெரிக்கர்களில் பாதிப் பேர் டிரெய்லரில்தான் குடியிருப்பார்கள் என்று சொல்லிவைத்தார். 1929 பங்குச்சந்தைச் சரிவை முன்கூட்டியே சொன்னவர் என்பதால் ஊரும் கொஞ்சம் நம்பியது. பேரழிவைச் சரியாகச் சொன்னவரிடம் சுற்றுலாவைப் பற்றிக் கேட்டது ஊரின் தப்பு.

இதற்கிடையே கலிஃபோர்னியாவில் வாலி பையாம் என்ற விளம்பரக்காரர் தலையெடுத்தார். அவர் போட்ட டிசைனில், டி மாடல் ஃபோர்டின் அடிச்சட்டத்தின் மேல் ஒரு கூடாரம் இருந்தது, சுதந்திரம் இருந்தது, சமையலறை மட்டும் இல்லை. அடுப்பு இல்லாத இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று மனைவி மேரியன் சொல்லிவிட்டார். இன்றைக்கு ஒரு வீட்டின் விலைக்கு விற்கும் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லருக்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்த ஒரு வாக்கியம்தான். கம்பெனியின் பெருமை முழுக்கக் கணவர் பெயரில். 1936இல் வந்த ‘கிளிப்பர்’ மாடலில் நாலு பேர் படுக்கலாம், தண்ணீர்த் தொட்டி உண்டு, மின்விளக்கு உண்டு, உலர் பனிக்கட்டி வைத்துக் குளிர்விக்கும் ஏசிகூட உண்டு. விலை 1,200 டாலர். இயற்கையின் மடியில் இளைப்பாற இதற்குக் குறைவாக என்ன வேண்டும்!

இவ்வளவையும் இழுக்குமா கார் என்று வாடிக்கையாளர் கேட்பாரல்லவா? பையாம் 1947இல் அதற்குப் பதில் சொல்லவில்லை, படம் எடுத்துப் போட்டார். ஆல்ஃபிரட் லெட்டூர்னர் என்ற ஃபிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர், ஒரு ஏர்ஸ்ட்ரீமைத் தன் சைக்கிளில் கட்டி இழுக்கிறார். நிஜமாகவே இழுத்தார், மோசடி இல்லை. சமதரையில்தான். ஆறு வருஷம் முன்பு சைக்கிளில் மணிக்கு 108 மைலுக்கு மேல் போய்ச் சாதனை படைத்தவர் அவர் என்பதையும், உங்கள் மாமியார் அந்த டிரெய்லருக்குள் இல்லை என்பதையும் படம் பெரிதாகச் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்ல ஹாலிவுட் வரவேண்டியிருந்தது. 1954இல் வெளியான ‘தி லாங், லாங் டிரெய்லர்’ படத்தில் லூசில் பாலும் டெசி அர்னாஸும் புதுமணத் தம்பதி. வாழ்க்கையிலும் அவர்கள் தம்பதிதான். 36 அடி நீளமான டிரெய்லரைக் காரில் கட்டிக்கொண்டு தேனிலவு. மனைவி போகிற ஊரிலெல்லாம் நினைவுக்கு ஒரு கல் பொறுக்குகிறாள். மலை ஏறவேண்டும், கல்லையெல்லாம் தூக்கிப் போடு என்கிறான் கணவன். அவள் போடவில்லை, ஒளித்துவைக்கிறாள். மேலே போகப் போகக் கற்கள் உருள ஆரம்பிக்கின்றன. இந்தத் துறையைப் பற்றி வந்த பாடப் புத்தகங்களில் இந்தப் படத்தைத்தான் நான் முதலில் வைப்பேன்.

காரணம் இருக்கிறது. நம் ஊர் மாட்டுவண்டிக்காரருக்குத் தெரிந்த முன்பாரம், பின்பாரம் கணக்குதான் இங்கேயும். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் கொக்கி மேல் இறங்கவேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டும். அந்த ஆட்டம் வளர்ந்தால் முன்னால் போகும் காரையும் சேர்த்துப் புரட்டும். கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரத்துக்குப் பிடி குறையும். கல்லை எந்த அலமாரியில் ஒளிக்கிறோம் என்பது காதல் பிரச்சினை அல்ல, இயற்பியல்.

டிரெய்லரில் எடைத் தகராறே இல்லாமல் இருந்த ஒரே குழு என்று பார்த்தால், 1969இல் நிலவுக்குப் போய் வந்த மூவர்தான். நிலவுக் கிருமி ஊருக்குள் பரவிவிடுமோ என்று பயந்து, மாற்றியமைத்த ஏர்ஸ்ட்ரீம் ஒன்றில் அவர்களைப் பூட்டி வைத்தார்கள்; கூட ஒரு டாக்டர், ஒரு எஞ்சினியர். அவர்களைக் கடலிலிருந்து மீட்ட கப்பலின் தளத்தில் அதிபர் நிக்ஸன் ஜன்னல் கண்ணாடி வழியே குனிந்து பேசினார். பிறகு மனைவிமாரும் அதே ஜன்னல் வழியேதான். குடும்பம் வெளியே, டிரெய்லருக்குள்ளே நிம்மதி. அவர்களும் கல் பொறுக்கிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். ஆனால் அதை கிராம் கிராமாக எடைபோட நாசா இருந்தது.

அதுவரை இழுத்துக்கொண்டிருந்தது பெரிய வி8 எஞ்சின் வைத்த ஸ்டேஷன் வேகன். 1973இல் எண்ணெய் நெருக்கடி. 1975இல் கார்களின் எரிபொருள் சிக்கனத்துக்கு அமெரிக்கா சட்டம் போட்டது. ‘லைட் டிரக்’ என்ற பிரிவுக்கு மட்டும் பிடி தளர்வு. விவசாயியும் கொத்தனாரும் பிழைத்துப் போகட்டும் என்ற நல்ல எண்ணம். கார்க் கம்பெனிகளுக்கு ஒரே வாரத்தில் விவசாயி மேல் பாசம் பொங்கியிருக்கும். பிக்கப்பின் அடிச்சட்டத்தில் கம்பளம் விரித்து, குழந்தைகளுக்கு சீட் போட்டு, டிரக் என்றே கணக்கெழுதி விற்றார்கள். ரேஞ்சர் பிக்கப்பிலிருந்து 1990இல் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் அமெரிக்கக் குடும்பத்தை அப்படியே அள்ளிக்கொண்டது. எஸ்யூவி அந்தச் சலுகையில் வளர்ந்த பிள்ளை.

பிறகு எண் சண்டை. எத்தனை பவுண்டு இழுக்கும் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்து, தானே மெச்சிக்கொண்டது. 2008இல்தான் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கம் பொதுவான சோதனை ஒன்றை வகுத்தது. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கமிருந்து 11.4 மைல் மேட்டில், கொளுத்தும் வெயிலில், ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏறவேண்டும். டொயோட்டா முதலில் ஒப்புக்கொண்டது. அதன் டண்ட்ரா பிக்கப்பின் எண் சில நூறு பவுண்டு இறங்கியது. மற்ற பெரிய கம்பெனிகள், நீ முதலில் இறங்கு, நீ முதலில் இறங்கு என்று சில வருஷம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தன.

கடுமையான சோதனைதான். ஆனால் உள்ளே யார் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டார்கள்? ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் ஒருவர், ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. மூன்று வரிசை சீட் வைத்துக் குடும்ப வண்டி என்று விற்பார்கள்; இழுவைக் கணக்கில் இருப்பவர்கள் குழந்தை இல்லாத, சாப்பிடாத ஒரு தம்பதி. நீங்கள் 5,000 பவுண்டு டிரெய்லரை மாட்டினால் 500 முதல் 750 பவுண்டு வரை உங்கள் எஸ்யூவியின் பின்புறத்தில் இறங்குகிறது. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சுமையும் சேர்த்து இவ்வளவுதான் என்று. அதில் 1,300 என்று போட்டிருந்தால் மிச்சத்தில் நீங்கள், மனைவி, மூன்று பிள்ளைகள், நாய், ஐஸ் பெட்டி. டிரெய்லர் பிரசுரத்தில் உள்ள எடையிலோ தண்ணீர் கிடையாது. 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல். கல் பொறுக்குவது தனி.

எஸ்ஏஇ சோதனையில் இன்னொரு நல்ல கட்டமும் உண்டு. 12 சதவீதச் சரிவில் நின்றபடி, முன்னாலும் பின்னாலும் நகர்த்திக் காட்டவேண்டும். பின்னால் எடுப்பது எவ்வளவு பெரிய வித்தை என்பது முகாம் மைதானத்தில் இருட்டிய பிறகு வந்து சேர்ந்த எல்லாருக்கும் தெரியும். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். மனைவி பின்னால் நின்று டார்ச் அடித்து, “என் இடதா, உங்கள் இடதா?” என்பார். அண்டை டிரெய்லர்க்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பீரோடு பார்ப்பார்கள். மனைவி நிறுத்தச் சொல்வது கணவர் காதில் விழாது, மரத்தில் இடித்த சத்தம்தான் விழும். எஸ்ஏஇ அந்தச் சரிவில் ஐந்து நிமிடத்தில் ஐந்து தடவை நகர்த்திப் பார்க்கிறது, மரம் வைக்காமல்.