மேசன் கெட்டிக்காரன், மருமகனே!

மிளகு பறிக்க வந்தவனை வாசல்லயே நிறுத்தி, எந்த ஊரு, யாரு மகன், அடையாள அட்டை எங்கேன்னு மூணு தலைமுறையைக் கிண்டினியே, பல்லேபொலயே மெச்சிச்சு. புறக்கோட்டையில மலிவாக் கிடைச்ச பேர் தெரியாத டிவி பெட்டிக்கு மட்டும் வைஃபை பாஸ்வேர்டைத் தந்து நடுவீட்டுல உக்கார வச்சிருக்கே. அதுகிட்ட ஊர் கேட்டியா?

பக்கத்து வீட்டுப் பொடியன் வைஃபை திருடுறான்னு மதிலை வேற ஒரு முழம் உசத்தினியாம். வைஃபை மதில் ஏறித்தான் போகும்னு உனக்குச் சொன்ன மேசன் கெட்டிக்காரன்.

பொடியன் படம் பாத்துட்டுத் தூங்கிருவான். பெட்டி தூங்காது. இந்த மாதிரி மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள்ல சிலது, கடைக்கு வரும்போதே கள்ள நிரலோட வருதுன்னு 2025 ஜூன்ல அமெரிக்க எஃப்பிஐ எச்சரிச்சது. ‘பேட்பாக்ஸ் 2.0’ன்னு பேரு. பத்து லட்சத்துக்கு மேல கருவிகள் மாட்டியிருந்திச்சு. எங்கேயோ இருக்கிற கள்ளன் உன் வீட்டு இணைப்பு வழியாத் திருடுவான். தேடி வர்றவங்களுக்குக் கிடைக்கிற விலாசம் உன்னோடது.

கள்ளனைப் பிடிக்க கெமரா போட்டிருக்கேன்னு நெஞ்சை நிமித்தாதே. 2016ல மிராய்னு ஒரு கள்ள நிரல், ‘அட்மின்’ மாதிரி கம்பனி போட்டுக் குடுத்த பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தை மனப்பாடம் பண்ணிக்கிட்டு, உலகம் பூரா கெமராக்களைப் பிடிச்சுச்சு. ஒக்டோபர் 21ல அந்தப் படை, இணையப் பேர்களுக்கு வழிகாட்டுற டைன் கம்பனி மேல பாய, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் படுத்துக்கிச்சு. மிராயை எழுதினது மைன்கிராஃப்ட் விளையாட்டுப் பக்கம் திரிஞ்ச மூணு இளவட்டங்கள்! கெமராவை அணைச்சா மிராய் செத்துரும். பாஸ்வேர்டை மாத்தாம திரும்பப் போட்டியோ, நீ தேத்தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துரும்.

ரவுட்டர்ல ஒட்டியிருக்கிற முகவரியை பிரவுசர்ல போட்டுத் திற. உள்ள யார் யார் இருக்காங்கன்னு பட்டியல் இருக்கும். தெரியாத பேரெல்லாம் கள்ளன்னு குதிக்காதே. இப்போ போன்களே பொய் அடையாளம் காட்டும். முதல்ல அத்தையோட போனான்னு கேளு. அவளைத் துண்டிச்சா அவளுக்கு நாடகம் நிக்கும், உனக்குச் சோறு நிக்கும். பாஸ்வேர்டை மாத்து, ‘பல்லேபொல123’ மட்டும் வேணாம். கெமராவை விருந்தாளி வைஃபைக்குத் தள்ளிவிடு.

அந்தப் பெட்டியா? கழட்டி வை. பக்கத்து வீட்டுக்கு மட்டும் வித்துராதே. பொடியன் அதை உன் வைஃபையிலதான் மாட்டுவான்.