கொட்டாங்கச்சியும் ஆக்ஸா பிளேடும்

மாக் மண்டினில் அன்று எதற்குப் பஞ்சம் இருந்தாலும் பழைய இரும்புக்குப் பஞ்சமே இல்லை. பட்டர்வொர்த்தின் பழைய தொழிற்பேட்டை அல்லவா? பல் மழுங்கிய ஆக்ஸா பிளேடு, பெட்டிகளைக் கட்டி வரும் இரும்புப் பட்டை, வளைந்த சைக்கிள் கம்பி எல்லாம் பட்டறை வாசலில் கேட்பாரற்றுக் கிடக்கும். வேலை முடிந்து வரும் அப்பாவின் கால்சட்டைப் பையில் ஓரிரண்டு உடைந்த பிளேடுகள் இருக்கும். அவை எங்கள் வரிசையில் குடியிருந்த குயவர் தாத்தாவுக்கு.

தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர் தாத்தா. கோயிலுக்குத் தீச்சட்டி, கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குச் சின்னப் பானை என்று அவர் கை சும்மா இருந்து பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கிய கருவி என்று எதுவும் அவரிடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. பிஸ்கட் டின் ஒன்றில் எல்லாம் அடங்கிவிடும்.

பிளேடை அவர் வளைக்க மாட்டார். வளைத்தால் ஒடிந்து கண்ணில் தெறிக்கும். ஒரு முனையைச் சாணையில் சாய்வாகத் தேய்த்து, நொடிக்கொரு தரம் தண்ணீரில் முக்குவார். சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் உறுதி போய்விடும், பிறகு கூர் நிற்காது. மறு முனையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் கத்தி தயார். பல் உள்ள பக்கத்தையும் வீணாக்க மாட்டார். கைப்பிடி ஒட்டும் இடத்தில் மண்ணைக் கீறிவிட அதுதான் உதவும்.

பெட்டிப் பட்டையின் கதை வேறு. அது வளையும், விட்டால் துள்ளும். குறடால் முக்கோணமாக மடக்கி, இரு முனைகளையும் மூங்கில் பிடியில் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டி, விளிம்பின் ஒரு பக்கத்தை மட்டும் அரத்தால் ராவுவார். நகம் அழுத்தினால் தடம் விழும் பதத்தில் இருக்கும் சட்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தில் சுற்றவிட்டு, அந்தப் பட்டையை மெல்ல வைப்பார். மண் நாடாவாகச் சுருண்டு விழும். பொடியாக உதிர்ந்தால் கூர் போய்விட்டது என்று அர்த்தம். உடனே அரத்தைக் கையில் எடுப்பார்.

எனக்கு மிகவும் பிடித்தது கொட்டாங்கச்சிதான். முற்றிய தேங்காயின் ஓட்டில் உள்ளங்கை அளவு துண்டை அறுத்து, சிமெண்டுப் படியில் தண்ணீர் தெளித்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அதன் வளைவு கிண்ணத்தின் உட்புறத்தோடு தானாகவே பொருந்திவிடும். தகரத்தில் அந்த வளைவைக் கொண்டுவர யாராலும் எளிதில் முடியாது. தேங்காய் அதை இலவசமாகத் தருகிறது.

ஒருநாள் கேட்டேன்: "தாத்தா, கடையில கத்தி விக்குறாங்களே, வாங்கிக்கலாமே?"

"அது கடைக்காரன் அளவுக்குச் செஞ்சது தம்பி. என் கை அளவு அவனுக்கு எப்படித் தெரியும்?"

இன்று கடலுக்கு அந்தப் பக்கம், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுனில், பழைய கடைவீடுகளுக்குள் மண்பாண்ட வகுப்பு நடக்கிறது. போய்ச் சேர்ந்தேன். எட்டுக் கருவிகள் கொண்ட ஒரு பொட்டலத்தை முதல் நாளே கையில் கொடுத்தார்கள். பிரித்தால் தாத்தாவின் பிஸ்கட் டின் அப்படியே இருக்கிறது! சீவும் வளையம், வழிக்கும் தகடு, அறுக்கும் கம்பி, ஊசி, மூங்கில் கத்தி, ஸ்பாஞ்சு. அன்று வாங்க வழியில்லாததால் செய்தார்கள். இன்று செய்யத் தெரியாததால் வாங்குகிறோம். கையால் செய்த கருவி வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை, அதுவும் கூடுதல் விலை. வகுப்பின் மேல் எனக்குக் குறை இல்லை. இளையவர்கள் மண்ணைத் தொடுவதே நல்ல காரியம். ஆனால் பொட்டலத்தில் வந்த வளையத்தின் இரும்பு மெல்லியது, மணல் கலந்த மண்ணில் சீக்கிரமே மழுங்கிவிட்டது. அதைக் கூர்தீட்ட அங்கே யாருக்கும் தோன்றவில்லை. புதிதாக ஒன்று வாங்கச் சொன்னார்கள்.

கைதேர்ந்தவர்கள் இன்றும் கடையை நம்பி இருப்பதில்லை. ஒரே மாதிரிக் கிண்ணங்கள் வனையும் ஜப்பானியக் குயவர் மூங்கில் குச்சியின் குறுக்கே இன்னொரு குச்சியைச் செருகி, ஆழத்தையும் அகலத்தையும் ஒரே நேரத்தில் அளந்துவிடுகிறார். மானாமதுரையில் கடத்துக்கு உள்ளே கல்லைப் பிடித்து வெளியே பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டுகிறார்கள். அங்கே கருவி உருவத்தை மட்டும் தருவதில்லை, நாதத்தையும் சேர்த்தே தருகிறது. நம் நாட்டிலும் கோலசிலாங்கூர்ப் பக்கம் தமிழ்க் குயவர் குடும்பங்கள் பொங்கல் பானை வனைந்துகொண்டுதான் இருக்கின்றன. பானையை வாங்குகிற நாம் அது எதைக் கொண்டு உருவானது என்று கேட்பதில்லை.

தாத்தா போன பின் அந்த டின் என்னவாயிற்று என்று தெரியாது. அதில் இருந்தவை பார்ப்பவர் கண்ணுக்குக் குப்பைதான், யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் வலிக்கிறது. ஒரு பானை உடைந்தால் இன்னொன்று வனையலாம். கருவி செய்யும் அறிவு ஒரு தலைமுறையில் விட்டுப்போனால், அடுத்த தலைமுறை கடைக்காரனின் அளவுக்குத் தன் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் வாங்கி வந்த பானைக்குச் சாயம் பூசும் போட்டி வைக்கிறீர்கள். நல்லது, வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு பாடவேளையைக் கருவி செய்து பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். பிள்ளைக்கு ஒரு கொட்டாங்கச்சித் துண்டு, கொஞ்சம் உப்புத்தாள், நடுவில் ஒரு வாளி தண்ணீர் போதும். ஓட்டை நீங்களே முன்கூட்டி அறுத்துக் கொடுங்கள், தேய்ப்பதைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.