கடைமடைக்கு ஒன்றரை ஜிபி

தரங்கம்பாடியில் கோட்டை கட்ட 1620-இல் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்த தஞ்சை ரகுநாத நாயக்கர், குத்தகையை ஆண்டுக் கணக்கில் பேசினார். மாதக் குத்தகை என்று பேசி, மாதத்துக்கு 28 நாள் என்று எழுதி வாங்கியிருந்தால் வருஷத்துக்கு 13 தடவை வசூலித்திருக்கலாம். அந்த யோசனை அவருக்கு வரவில்லை. நம் செல்போன் கம்பெனிகளுக்கு வந்தது. 30 நாள் பிளான் ஒன்றாவது வையுங்கள் என்று 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட வேண்டியதாயிற்று. காலண்டர் சண்டை கிடக்கட்டும், என் வழக்கு தினசரி அளவின் மேல். நாளுக்கு 1.5 ஜிபி தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ். ஒரு எம்பி கல்யாணப் பத்திரிகை இறங்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். தீராவிட்டாலோ, பெரும்பாலான பிளான்களில் மிச்சம் நள்ளிரவோடு காலி.

இருப்பதைப் பங்கிட வேண்டாமா என்பார்கள். கடைமடைக்காரர்களுக்கு முறைப்பாசனத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேட்டூரில் இன்று திறக்காத தண்ணீர் நாளைக்கும் இருக்கும், 93.47 டி.எம்.சி. வரை தேக்கலாம். கேபிளில் விடியற்காலை மூன்று மணிக்கு யாரும் தொடாத கொள்ளளவைத் தேக்கிவைத்து இரவு ஒன்பதுக்குத் திறந்துவிட மதகு கிடையாது, போனது போனதுதான். நெரிசல் என்பதே ஊர் மொத்தமும் கிரிக்கெட் பார்க்கிற அந்த ஒன்பது மணிக்குத்தான். கம்பெனி கூடுதல் டவர் போடுவதும் அந்த நேரத்துக்காகத்தான். பிறகு மூன்று மணிக்காரருக்கும் ஒன்பது மணிக்காரருக்கும் ஒரே மீட்டர் ஓடுவது என்ன கணக்கு?

ஒருத்தர் நாள் முழுக்கப் படம் இறக்கினால் தெருவே நின்றுவிடாதா? நியாயமான பயம்தான். அதற்கு வைத்தியம், நெரிசல் நேரத்தில் மட்டும் அவர் வேகத்தைக் குறைப்பது. கோட்டாவைத் தாண்டினார் என்று, தெரு தூங்கும்போதும் அவரைக் கட்டிப்போடுவதில் யாருக்கு லாபம்? வீட்டு பிராட்பேண்டில் அளவு தாண்டினாலும் 512 கேபிபிஎஸ்-க்குக் கீழே இறக்கக் கூடாது என்று 2016-இல் டிராய் சொன்னது; 2 எம்பிபிஎஸ்-க்குக் குறைந்தால் அது பிராட்பேண்டே இல்லை என்று 2023-இல் அரசு சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் இருப்பது மனசுக்கு நல்லது. உலகிலேயே மலிவான டேட்டாக்களில் ஒன்று நம்முடையது, இதிலுமா குறை என்று கேட்பவர்களுக்கு: மலிவுதான், மறுக்கவில்லை, மீட்டர் சரி என்பதற்கு அது சாட்சி ஆகாது. நேரம் பார்த்துக் கணக்கிடுவது நடக்கிற காரியமா என்றால், நடந்திருக்கிறது. பிஎஸ்என்எல் ஒரு காலத்தில் 'ஹோம் 500' பிளானில் இரவு இரண்டிலிருந்து காலை எட்டு வரை இறக்கியதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பரீட்சைக்குக்கூட விடியலில் எழாத பிள்ளைகள் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தார்கள்.