214 கோடிச் சொச்சம்

கே: 2147483647 என்ற எண்ணுக்கு அப்படி என்ன விசேஷம்?

ப: 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழியுங்கள், வந்துவிடும். 214 கோடியைத் தாண்டிய இந்த எண் ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர எதற்கும் மசியாது.

கே: கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ப: 1772-ல் கணித அறிஞர் லியோனார்டு ஆய்லர் நிரூபித்தார். அப்போது அவருக்குப் பார்வை அநேகமாகப் போயேவிட்டது. இந்த எண் வகுபடும் என்றால், 46,340-க்குள் ஒரு பகா எண்ணாவது அதை வகுத்தாக வேண்டும். அதற்குள் நாலாயிரத்துக்கு மேல் பகா எண்கள் இருக்கின்றன, யாருக்குப் பொறுமை? ஆய்லர் வகுக்குமுன் யோசித்தார். அப்படி வகுக்கும் பகா எண்ணை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வந்தே தீரும் என்று காட்டினார். மிஞ்சியவை 372 எண்கள். அவற்றில் முதல் பகா எண் 311. நீங்களே வகுத்துப் பாருங்கள், மீதி 35 நிற்கும். கடைசி வரை எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. கணக்கு போடுவதைவிடக் கணக்கைக் குறைப்பதுதான் பெரிய வித்தை என்பேன்.

கே: சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்?

ப: 1811-ல் கணித அறிஞர் பீட்டர் பார்லோவும் உங்கள் கட்சிதான். இந்த எண்ணை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 வரும். இதைத் தவிர்த்து, இதன் வகுஎண்கள் எல்லாவற்றையும் கூட்டினால் இதே எண் கிடைக்கும். இப்படிப்பட்ட எண்களில் இதைவிடப் பெரியதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இவை பயனற்ற வேடிக்கைதான் என்று எழுதினார் பார்லோ. இரண்டுமே தப்பு. 1876-ல் கணித அறிஞர் எடுவார் லூக்கா இதே வகையில் 39 இலக்கப் பகா எண்ணையே காட்டினார்; அதிலிருந்து இன்னும் பெரிய அத்தகைய எண் கிடைத்துவிடும். பயனுக்கும் குறைவில்லை. கம்ப்யூட்டர் தாயம் உருட்டுவதுபோல் எண்களைத் தர ஒரு பழைய வழி உண்டு: கையிலிருக்கும் எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதிதான் அடுத்த எண். 214 கோடிச் சொச்சம் எண்களும் ஒன்று விடாமல் வந்த பிறகே தொடங்கிய எண் திரும்பும். வகுப்பது பகா எண் என்பதால்தான் இது சாத்தியம்.

கே: ‘கங்னம் ஸ்டைல்’ பாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ப: கம்ப்யூட்டர் ஓர் எண்ணுக்குத் தரும் 32 பிட்டில் ஒன்றைக் கூட்டல்-கழித்தல் குறிக்கு ஒதுக்கினால், மிச்சத்தில் எழுத முடிகிற உச்ச எண் இதுவே. 2014 டிசம்பரில் அந்த வீடியோவைப் பார்த்தவர் எண்ணிக்கை இந்த எல்லையைத் தொட்டது. யூடியூப் தன் எண்ணிக்கையை 64 பிட்டுக்கு மாற்றியிருந்தது.

கே: 2038-ல் கம்ப்யூட்டர் கடிகாரம் நின்றுவிடுமாமே?

ப: நிற்காது, பின்னோக்கித் தாவும். 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணுகிற பழைய கருவிகளில், 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு இடம் தீர்ந்துவிடும். அடுத்த நொடி 1901 டிசம்பர்! அதற்குள் 64 பிட்டுக்கு மாற்றியாக வேண்டும்.

கே: 64 பிட்டின் உச்ச எண்ணும் பகா எண்தானே?

ப: இல்லை. அது 63 இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைந்தது. 63 மூன்றால் வகுபடுகிறது, ஆகவே அந்த எண் 7-ஆல் வகுபடும். வந்த ஈவை இன்னொரு முறை 7-ஆல் வகுங்கள், அதுவும் மீதியின்றிப் போகும்.